கார் குலுங்காமல் ஓட: டயர், ஷாக் அப்சார்பர், புஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் சாலைகளில் அதிகம் கண்ணில் படும் ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ, ஐ20 போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும், முறுகிக் கொடுக்கும் தண்டு) என்ற சஸ்பென்ஷன் அமைப்பு இவற்றுக்குப் பொது. அதனால் ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

வண்டி ரொம்பத் தூக்கிப் போடுகிறது. முதலில் எதை மாற்ற வேண்டும்?

உடனே எதையும் மாற்றாதீர்கள். "தூக்கிப் போடுகிறது" என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது உங்களுடையது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டியில் ஏறும்.

ஒருநாள் ரேடியோவை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தினமும் போகும் சாலையிலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகத்தடை தாண்டிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடி அடங்கினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. சின்னக் குழிகளில் "டொக் டொக்" என்று சத்தம் மட்டும் வந்தால் லிங்க் ராட் (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் ரப்பர் தாங்கி), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையின் இணைப்பு ரப்பர்) ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். பாலத்தின் இணைப்புப் பட்டை, ரோட்டு ஒட்டு ஒவ்வொன்றும் இருக்கை வழியே சுருக்கென்று தைத்தால் காற்று அதிகம், அல்லது டயர் இறுகிவிட்டது. ஆள் நிறைய ஏறினால் மட்டும் "டம்" என்று அடி விழுந்தால் பம்ப் ஸ்டாப் (ஷாக் அப்சார்பர் முட்டாமல் தடுக்கும் நுரைக் கட்டை) நொறுங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கும். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? அது சஸ்பென்ஷன் வேலையே இல்லை, வீல் பேலன்ஸிங் பார்க்க வேண்டும்.

புது வண்டியே இப்படித்தான் இருக்கிறது. சின்ன கார் என்றாலே குலுங்குமா?

ஓரளவுக்கு ஆமாம். அதற்குக் காரணம் எடைக் கணக்கு. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு கார் சுமார் 900 கிலோ இருக்கும். ஐந்து பேரும் பைகளும் ஏறினால் 400 கிலோ வரை கூடும். அதாவது தன் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட சமமான சுமையை அது தாங்க வேண்டும், அதுவும் பெரும்பங்கு பின் அச்சின் மேல். அந்தச் சுமையிலும் அடி தட்டாமல் இருக்கப் பின் ஸ்பிரிங்கை இறுக்கமாகவே வைக்கிறார்கள். அதே வண்டியில் ஒருவர் மட்டும் போகும்போது அந்த இறுக்கம் குலுங்கலாகத் தெரிகிறது. குடும்பத்தோடு போகும்போது "இன்றைக்கு வண்டி நன்றாகப் போகிறதே" என்று தோன்றுவது இதனால்தான்.

இன்னொன்று வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம். ஸ்விஃப்டில் 2,450 மில்லிமீட்டர், சியாஸில் 2,650. நீளம் கூடினால் வேகத்தடையில் வண்டி தலையாட்டுவது குறையும். இதை எந்த உதிரிப்பாகம் போட்டும் மாற்ற முடியாது. முடியாததை எதிர்பார்த்துச் செலவு செய்து ஏமாற வேண்டாம் என்பதற்காகவே முதலில் சொல்கிறேன்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு. பெட்ரோல் பங்க்கில் பலர் கேட்காமலே 35, 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அடித்துவிடுகிறார்கள். 30 சொன்ன வண்டிக்கு 36 வைத்தால் டயர் ஸ்பிரிங்காக நசுங்கிக் கொடுப்பது குறைந்துவிடும். சஸ்பென்ஷன் மோசம் என்று வரும் புகார்களில் பல, காற்றைச் சரி செய்தாலே பாதி தணிந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

டயர் சூடாவதற்கு முன், காலையில் எடுத்ததும் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மே மாதத்தில் திருச்சி வரை ஓடிவிட்டு அங்கே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. முழுச் சுமையோடு நெடுந்தூரம் போவதற்கு அதே தாளில் தனி அளவு கொடுத்திருப்பார்கள், அன்றைக்கு அதை வையுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று சொன்ன அளவுக்கும் கீழே இறக்குவது ஆபத்து: பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குலுங்கலில் வித்தியாசம் தெரியாது.

டயரில் உள்ள எண்களில் சொகுசைத் தீர்மானிப்பது எது?

நடு எண். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் வருகிறது. குழியில் இறங்கும்போது முதலில் நசுங்கிக் கொடுப்பது இந்தப் பகுதிதான். உயரம் கூடினால் அடி குறையும்.

பலேனோவில் கீழ் வகைகளுக்கு 185/65 ஆர்15, மேல் வகைக்கு 195/55 ஆர்16. இரண்டு டயரின் மொத்த விட்டமும் ஏறக்குறைய ஒன்றே, 621 மில்லிமீட்டர். ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 107 ஆகச் சுருங்குகிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய வகையில் அடி சற்று அதிகமாகத் தெரிவது இதனால்தான். அதே விட்டத்தில் 17 அங்குல ரிம் போட்டுக்கொள்பவர்களுக்குப் பக்கச்சுவர் இன்னும் குறையும். ஒரு கூரான குழியில் ரிம்மே வளைந்து டயரில் புடைப்பும் வந்துவிடும். பெரிய ரிம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வயதான பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டும் வண்டியில் அந்த அழகுக்கு அவர்கள் இடுப்பு விலை கொடுக்கிறது.

அப்படியானால் 16 அங்குலத்திலிருந்து 15-க்கு இறங்கலாமா?

தாராளமாக. உங்கள் காரின் வேறொரு வகைக்கு நிறுவனமே கொடுத்த அளவாக இருந்தால் அதுதான் நல்ல மாற்றம். சொகுசுக்காகச் செய்யும் செலவுகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். வாங்கும் முன் 15 அங்குல ரிம்மை முன் சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் காலிபரில் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) உரசக் கூடாது. போல்ட் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. நடுத் துளையும் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது.

அலாய் என்றாலே எடை குறைவு என்ற நம்பிக்கையும் சரியல்ல. மலிவான அலாய்களில் சில, கம்பெனி இரும்பு ரிம்மை விடக் கனமானவை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுலபமாகச் சக்கரம் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கும். அதனால் வாங்கும்போது தராசில் வைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

ரிம்மை மாற்றாமல் அகலமான டயர் மட்டும் போட்டால்?

எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு என்பதைப் பொறுத்தது. 185/65 ஆர்15 இருக்கும் இடத்தில் பலர் 195/65 ஆர்15 போடுகிறார்கள். பக்கச்சுவர் 120-லிருந்து 127 ஆகிறது, வண்டி ஆறரை மில்லிமீட்டர் உயர்கிறது, மொத்த விட்டம் சுமார் 2 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். அடி குறைவது உண்மைதான். கூடவே ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும், இழுவை லேசாக மந்தமாகும், மைலேஜிலும் கொஞ்சம் போகும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஆள் ஏற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே இது.

ஆனால் 165/80 ஆர்14 உள்ளவர்கள் 185/70 ஆர்14-க்குப் போவதைச் சொகுசு என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. பக்கச்சுவர் 132-லிருந்து 129.5 ஆகக் குறைகிறது. சாலைப் பிடிப்புக் கூடலாம், குலுங்கல் குறையாது. கீழ் வகை ஸ்விஃப்டின் அந்த ஒல்லியான டயர், குலுங்கலைப் பொறுத்தவரை, மேல் வகையின் டயரை விட நல்லது.

எந்த மாற்றத்திலும் சுமைக் குறியீடு பழையதை விடக் குறையக் கூடாது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475 கிலோ.

எந்த டயர் வாங்குவது?

ஒரே அளவில்கூட டயருக்கு டயர் குணம் வேறு. மிஷலின் பிரைமசி, கான்டினென்டல் கம்ஃபர்ட் கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா ஆகிய வரிசைகள் அமைதிக்கும் மென்மைக்கும் என்று வடிவமைத்தவை. பக்கச்சுவர் தடித்து, நீண்டகால உழைப்புக்கென்று வருபவை வேறு. டாக்சி ஓட்டுபவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது, வீட்டு வண்டிக்கு அது கட்டாயமில்லை. பக்கவாட்டில் எக்ஸ்எல் என்று அச்சிட்டது கூடுதல் சுமைக்கானது, கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். காற்று போனாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் இன்னும் இறுக்கம். அது கொண்ட சொகுசுக் கார்களின் உரிமையாளர்கள் சாதாரண டயருக்கு மாறுவதைப் பார்க்கலாம், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஸ்டெப்னி கிடையாது என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

பிராண்டை விட முக்கியமாக நான் பார்ப்பது வயது. பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. வெயிலில் நிறுத்தியே வைக்கும், குறைவாக ஓடும் வண்டிகளில் டயரின் ஓட்டப்பரப்புப் பட்டன் நிறைய மிச்சமிருக்கும்போதே ரப்பர் கல்லாகிவிடும். "இன்னும் பாதி டயர் இருக்கிறதே" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் பயனில்லை. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை டயர் கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பானட்டை அமுக்கிவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். முழுதாகச் செத்துப்போன ஷாக் அப்சார்பரை அது காட்டிக்கொடுக்கும், பாதி தளர்ந்ததைக் காட்டாது. வண்டியைத் தூக்கி, தண்டின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு இயல்பு. உடலெல்லாம் ஈரமாகி வழிந்து, தூசி அப்பியிருந்தால் அது முடிந்தது. டயரின் ஓட்டப்பரப்பை உள்ளங்கையால் தடவுங்கள். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளியிருக்கிறது என்று பொருள்.

80,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. நம் வேகத்தடைகளை நினைத்தால் அதற்கு முன்பே சோதிப்பது நல்லது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வட்ட முதுகாக இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும்படி. தெருவுக்குத் தெரு ஊர்க்காரர்களே சிமெண்டில் எழுப்பும் ஒரு முழ அகல மேடுகளை எந்த ஷாக் அப்சார்பரும் மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை.

கம்பெனி ஷாக் அப்சார்பரா, விலை உயர்ந்த வெளிநாட்டு வகையா?

சொகுசுதான் நோக்கம் என்றால் கம்பெனி தரத்தில் புதியது. பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும். ஐந்து ஆறு வருடம் ஓடிய காரில் நாலையும் புதிதாகப் போட்டால் வாங்கிய நாளின் ஓட்டம் திரும்பக் கிடைக்கும். அந்த ஓட்டம் எப்படி இருந்தது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

பெயர்பெற்ற வகைகளில் எல்லாமே மென்மையானவை அல்ல. பில்ஸ்டீனில் பி4 கம்பெனி அளவுக்கு மாற்று, பி6 அதைவிட இறுக்கம். கயாபாவில் எக்செல்-ஜி கம்பெனி குணம், காஸ்-ஏ-ஜஸ்ட் இறுக்கமானது. "வாயு நிரப்பியது" என்ற சொல்லே மென்மைக்கு உத்தரவாதம் அல்ல. உள்ளே எண்ணெய் நுரைக்காமல் இருக்கத்தான் அந்த வாயு.

தொழில்நுட்பத்தில் எனக்கு உண்மையாகவே மதிப்பு உள்ளது அதிர்வின் வேகத்துக்கு ஏற்பத் தானே இளகும் வகை. சாலையின் பொடி அதிர்வுக்குத் தனி வால்வு திறந்து எண்ணெயை விடும், வளைவில் உடல் சாயும்போது மூடி இறுக்கும். கோனி இதைத் தனியாக விற்கிறது, ஆனால் நம் சிறு கார்களுக்குக் கிடைப்பது அரிது. 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700-இல் கம்பெனியிலேயே இப்படி வந்தது. அதே ஆண்டு இங்கே வந்த சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் வேறு வழியில் போனது: ஷாக் அப்சார்பரின் இரு முனையிலும் ரப்பர் முட்டுக்குப் பதில் எண்ணெய் மெத்தை, அதனால் ஆழமான குழியிலும் "டம்" என்ற முட்டல் இல்லை. அந்த வண்டியில் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், ஷாக் அப்சார்பருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரியும்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஷாக் அப்சார்பரும், ஓட்டை போட்டு எண்ணெய் மாற்றி வெல்டிங் வைத்த "ரீகண்டிஷன்" வகையும் வேண்டாம். பிரேக் பிடிக்கும் தூரமே அவற்றால் மாறும். எப்போதும் ஜோடியாக, இடதும் வலதும் சேர்த்தே மாற்றுங்கள்.

புது ஷாக் அப்சார்பர் போட்டும் சத்தமும் அடியும் போகவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நான்கையும் மாற்றிவிட வேண்டும். பம்ப் ஸ்டாப் ஒரு சின்ன நுரைக் கட்டைதான், பழைய வண்டியில் கழற்றினால் பொடியாக உதிரும். அது இல்லாமல் புது ஷாக் அப்சார்பர் போட்டால், முதல் பெரிய குழியிலேயே இரும்போடு இரும்பு மோதும். கூலி இரண்டாவது முறை தராமல் இருக்கவாவது சேர்த்து மாற்றுங்கள்.

அடுத்தது புஷ். லோயர் ஆர்ம், பின் பீம் இரண்டும் வண்டியோடு இணையும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகித் திரும்பும். இதை மாட்டும்போது ஒரு விதி உண்டு: போல்ட்டை இறுதியாக முறுக்குவது வண்டி தரையில் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான், அல்லது சக்கரத்தை அந்த உயரத்துக்கு ஜாக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான். லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். வண்டி விறைப்பாக ஓடும், புது புஷ் சில மாதங்களில் கிழியும். பிறகு "டூப்ளிகேட் சாமான்" என்று பழி சாமான் மேல் போகும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, "அண்ணா, ஆர்ம் போல்ட்டை வண்டியை இறக்கிவிட்டு டைட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரப்பரை விட இறுகியது. பந்தய வண்டிக்கு நல்லது, சொகுசுக்கு அல்ல.

லிங்க் ராட் தேய்ந்தால் சத்தம்தான் அதிகம் வரும், அடி அவ்வளவாகக் கூடாது. அதன் விலை டயர் விலையில் ஒரு சிறு பங்கு, அதனால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது. முன் ஸ்ட்ரட் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபர் போடலாமா?

சொகுசுக்காக வேண்டாம். காயிலின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதைச் செருகியதும் அந்தப் பகுதி நசுங்குவது குறைந்துவிடும். மிச்சச் சுற்றுகளே வேலை செய்வதால் ஸ்பிரிங் இறுகுகிறது. வண்டி சற்று உயர்ந்து நிற்கும், வேகத்தடையில் அடி தட்டுவது நிற்கும். "சஸ்பென்ஷன் நன்றாகிவிட்டது" என்ற உணர்வு அதனால் வருவது. பொடி அதிர்வு கூடியிருக்கும். எப்போதும் முழுச் சுமையோடு ஓடும் வண்டிக்கு ஒரு தற்காலிக உதவியாக வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்துபோன ஸ்பிரிங்குக்குச் சரியான மருந்து புது ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது, ஸ்பேசர் வைத்து ஏற்றுவது?

இரண்டும் வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் இறுகும், ஷாக் அப்சார்பருக்கு ஓடும் தூரம் குறையும். ஸ்பேசர் வைத்தால் டிரைவ் ஷாஃப்ட்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பால் ஜாயின்ட்டும் (லோயர் ஆர்ம் நுனியின் உருண்டை இணைப்பு) தவறான கோணத்தில் உழைக்கும். சட்டப்படியும் சிக்கல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே தரத்தில் புதியது போடுவது பராமரிப்பு, அதற்கு அச்சம் தேவையில்லை.

அம்மா அப்பா பின் இருக்கையில் முதுகு வலிக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் ஏதாவது செய்யலாமா?

அவர்களில் ஒருவரை முன் இருக்கைக்கு மாற்றுங்கள். சின்ன காரில் பின் இருக்கை கிட்டத்தட்டப் பின் அச்சின் பக்கத்தில் இருக்கிறது, முன் இருக்கை இரு அச்சுகளுக்கு நடுவே. நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. மூன்று வரிசை வண்டியில் கடைசி வரிசையை எப்போதும் இளையவர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் இதனால்தான். மனித உடல் செங்குத்து அதிர்வை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற வேகத்தில். இறுகிய டயரும் கிழிந்த புஷ்ஷும் இதைக் கூட்டும். அவர்களுக்காகச் செலவு செய்வதானால் இருக்கை மெத்தைக்கு முன் டயரை மாற்றுங்கள்.

எல்லாம் மென்மையாக்கிய பிறகு குழந்தைக்கு மலைப்பாதையில் குமட்டுகிறது. ஏன்?

குமட்டலைத் தூண்டுவது மெதுவான ஆட்டம், நொடிக்கு அரை முறைக்கும் குறைவானது. வளைவுக்கு வளைவு வண்டியின் உடல் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்வது அந்த வேகத்தில்தான் வரும். தளர்ந்த ஷாக் அப்சார்பர் இந்தச் சாய்வைக் கூட்டும். அதனால் "மெத்தென்று" ஓடும் பழைய வண்டி உண்மையில் சொகுசாக இல்லாமல் வெறுமனே தளர்ந்துபோயிருக்கலாம். முதலில் ஷாக் அப்சார்பரைச் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் மிச்சம் ஓட்டுபவர் கையில்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் தொடாமல், ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்புங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் பலன் நன்றாகத் தெரியும். குழந்தை கையில் போன் கொடுக்காமல், தூரத்து மலை தெரியும்படி உயரமாக உட்காரவையுங்கள்.